பேர் விடாமப் போட்ட கணக்குப் புத்தகம்

டி.டி.பி. தொழில்ல இருக்கவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல: எழுத்துப் பிழைய ஜனங்க மன்னிச்சிருவாங்க, தேதி தப்பாப் போனாக்கூட ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிச்சிருவாங்க, ஆனா ஒரு பேர விட்டுட்டோம்னு வைங்க, ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாங்க.

எனக்கு சங்கரன்கோவில் ரத வீதியில கடை. பேரு கோமதி. அம்பாள் பேரே கோமதிங்கதால இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு கோமதி உண்டு. அதனால நான் டி.டி.பி. கோமதி. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாத்தான் போகும். சில வருஷமா இன்னொரு வேலையும் பாக்கேன், காசு வாங்காத வேலை. உலகம் பூரா இருக்க வாத்தியாருங்க கொஞ்சம் பேரு சேந்து பாடப் புத்தகம் எழுதி இன்டர்நெட்ல பொதுவுல விட்டிருக்காங்க. யாரு வேணும்னாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், அவங்கவங்க ஊருக்குத் தக்கன மாத்திக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, அதுல கை வச்ச அத்தன பேர் பேரையும் போட்டுரணும். அந்தப் புத்தகங்களத் தமிழ்ல பக்கம் பக்கமா அமைச்சுக் குடுக்கது நான். என்னப் போலக் கழுத்து வலியும் எரியுத கண்ணுமா ஸ்கிரீன் முன்னால உக்காந்திருக்க ஆளுங்களே, உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறேன்? கேளுங்க.

சின்ன மச்சான்

பேர் போடுத வித்தைய எனக்குக் கத்துக் குடுத்தது எந்த வெளிநாட்டு வாத்தியாரும் இல்ல, வாசுதேவநல்லூர் அண்ணாச்சி ஒருத்தரு. மக கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தாரு. உங்களுக்குத் தெரியும், நம்ம பக்கம் பத்திரிகைன்னா பொண்ணு மாப்பிள்ளைக்கு நாலு வரி, மீதி பூரா சொந்தக்காரங்க. பட்டம் வாங்குனவங்களுக்குப் பேருக்குப் பக்கத்துல பி.இ., எம்.பி.ஏ.ன்னு போடணும். பட்டம் இல்லாதவங்களுக்கு ஊரு பேராச்சும் போடணும். யாருக்கும் பேரு மொட்டையா நிக்கப்பிடாது.

அடிச்சுக் கட்டி வச்சாச்சு. அண்ணாச்சி ஒண்ண எடுத்துப் படிச்சாரு, முகம் கறுத்துப் போச்சு. சின்ன மச்சான் பேரு இல்ல. நான் அவரு கைப்பட எழுதிக் குடுத்த தாளையே எடுத்துக் காட்டுனேன். அதுலயும் இல்ல. தப்பு என் மேல இல்லன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். அண்ணாச்சி தாளத் திரும்பிக்கூடப் பாக்கல.

"தாளு கெடக்கட்டும் தாயி. தாளா வந்து பந்தியில சண்ட போடப் போகுது? மச்சாம்லா போடுவான்!"

எக்ஸ்பயரி

செல்லத்தாய் என் கடைக்கு வந்தது ஒரு கணக்கு கைடு ஜெராக்ஸ் எடுக்க. பனவடலிசத்திரத்துக்காரி, பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையல் உதவியாளரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பத்தாம் வகுப்புல எல்லாப் பாடமும் பாஸு, கணக்கு மட்டும் நிக்கி. அத முடிச்சிட்டா சத்துணவு அமைப்பாளரா ஏற வழி இருக்கு. அடுப்படிப் புகையில இருந்து மேசைக்கு வரணும்னா அந்த ஒரு பேப்பர். தனித்தேர்வரா எழுதி எழுதி ஒவ்வொரு தடவையும் விழுந்துட்டு வந்திருக்கா.

கைடப் பாத்தேன். அதுல கேள்வியும் விடையும் இருக்கே ஒழிய, அவளுக்குப் புரிய வைக்க ஒரு வரி இல்ல. அவளுக்கு பின்னமே தகராறு, அதுக்கு மேல எப்பிடி ஏறுவா? அப்பந்தான் நாங்க புதுசா அடிப்படைக் கணக்குப் புத்தகம் ஒண்ணு போட்டிருந்தோம். பெரு நாட்டுல மார்த்தான்னு ஒரு ரிட்டயர்டு டீச்சரு எழுதுனது. தமிழ்ல மாத்துனது யாழ்ப்பாணத்து வாத்தியார் சிவநேசன். பக்கம் அமைச்சது அடியேன். அத அச்செடுத்துப் பின் அடிச்சு, "ஏட்டி, கொண்டு போ, காசு வேண்டாம்"னு நீட்டுனேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தா. முகத்துல ஒரு சந்தேகம்.

"சும்மா குடுக்கிய... யக்கா, இது என்ன எக்ஸ்பயரி ஆன கணக்கா?"

பிட்சா

மறு வாரமே புத்தகத்தோட வந்து நின்னா. கோபம்னா கோபம். பின்னப் பாடம் பூரா பிட்சா படம். ஒரு பிட்சாவ இத்தன துண்டா வெட்டி இத்தனையத் தின்னா மீதி எவ்வளவுன்னு பக்கத்துக்குப் பக்கம் அதே கதை. "நான் அத கண்ணாலயே கண்டதில்ல. அத எப்பிடி வெட்டுவாங்க, எவ்வளவு பெருசுன்னே தெரியாம அதுல எட்டுல மூணு எங்கன இருக்குன்னு கேட்டா, நான் எங்க போவேன்?"

"சரி, உனக்கு எப்பிடிக் கேட்டா புரியும், நீயே சொல்லு"ன்னேன், கொஞ்சம் எரிச்சலாத்தான். ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தா. அவ வீட்டுக்காரரு புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுல மூட்டை தூக்குதாரு. அடிபட்ட காய் மிஞ்சுனா வீட்டுக்குக் கொண்டு வருவாராம். அதையே கேள்வியாக்கிட்டா: "ஒரு மூட்டை எலுமிச்சை. கால் மூட்டை அழுகல். மீதியில பாதி எனக்கு, பாதி எங்க ஓரகத்திக்கு. என் பங்கு எவ்வளவு?" ஓரகத்தின்னா கொழுந்தன் பொஞ்சாதி.

பாழாப்போன ஒரு கல்யாணப் பத்திரிகையத் திருப்பிப் போட்டுக் குடுத்தேன். மூட்டைய ஒரு கட்டமா வரைஞ்சா, எட்டுப் பங்காக் கோடு கிழிச்சா. ரெண்டு அழுகல்னு அடிச்சா. மீதி ஆறுல மூணு இவளுக்கு, மூணு அவளுக்கு. எட்டுல மூணு! போன வாரம் பூரா பிட்சாவுல தேடிக் கிடைக்காதது எலுமிச்ச மூட்டைக்குள்ள இருந்து வந்து விழுந்துட்டு. "சரிதாம்ட்டி, சரியாப் போட்டுட்ட!"ன்னு கத்துனேன். அவ அலட்டிக்கவே இல்ல.

"கணக்குல சரி யக்கா. வீட்டுல எங்க ஓரகத்தி அந்த அழுகலையும் என் பங்குல சேத்து வச்சிருவாளே."

மார்த்தாவுக்கு மாலை

அன்னைக்கே பிட்சாவத் தூக்கிட்டு எலுமிச்சைய உள்ள போட்டேன். பின்னால பேர்ப் பக்கத்துல "எலுமிச்சை மூட்டைக் கணக்கு: செல்லத்தாய், பனவடலிசத்திரம்"னு ஒரு வரி சேத்தேன். புதுப் பதிப்பாச்சே, முகப்புல மார்த்தா டீச்சர் போட்டோவையும் போட்டு அழகு பண்ணுவோம்னு ஆசை. கைவசம் இருந்த டிசைன் ஒண்ண எடுத்தேன். முட்டை வடிவத்துல போட்டோ, சுத்தி ரோசாப்பூ, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. பாக்க லட்சணமா இருந்தது. புத்தகக்காரங்க எல்லாரும் இருக்க குழுவுல ஏத்திட்டுச் சாப்பிடப் போயிட்டேன்.

நம்ம தொழில்காரங்களுக்கு இந்நேரம் நெஞ்சு திக்குனு இருந்திருக்கும். ஆமா, அது காலையில ஒரு கண்ணீர் அஞ்சலிக்குப் போட்ட டிசைன். திரும்பி வந்து பாத்தா மலேசியாவுல இருந்தும் கனடாவுல இருந்தும் ஆழ்ந்த இரங்கல் வந்து குவியுது. சிவநேசன் போன்ல அழாக்குறை. "கோமதி அக்கா, மார்த்தா ரீச்சர் எப்ப காலமானவ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" மலேசியாவுல ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு மௌன அஞ்சலியே செலுத்திட்டாங்களாம்.

தலையில அடிச்சுக்கிட்டு மார்த்தாவுக்கு விளக்கமா எழுதுனேன். எங்க ஊர்ல பூவும் விளக்குமாப் போட்டோ போட்டா என்ன அர்த்தம்னு சொல்லி, இப்பமே மாத்திருதேன், கோவிச்சுக்காதீங்கன்னேன். அவங்க ஸ்பானிஷ்ல எழுதுதத கம்ப்யூட்டர் தமிழாக்கித் தரும். வந்த பதில இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.

"நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு யாரும் ஒரு பூக்கூடத் தரவில்லை. பூவை எடுக்காதே கோமதி, விளக்கை மட்டும் எடுத்துவிடு."

அங்கனயும் ஓரகத்தி

மார்த்தா எலுமிச்சைக் கணக்கப் படிச்சிட்டு ஒரு சந்தேகம் கேட்டாங்க: கணவனோட சகோதரன் மனைவி எதுக்குப் பங்குக்கு வாரா? நான் எங்க ஊரு கூட்டுக் குடும்பத்து வரலாறையே எழுதி அனுப்புனேன். பதிலுக்கு அவங்க, எங்க மொழியிலயும் அவளுக்குன்னு தனிப் பேரு இருக்கு, உருளைக்கிழங்கு பங்கு வைக்கும்போது அந்தப் பேரு நிறைய அடிபடும்னு எழுதுனாங்க. எலுமிச்சைய எடுத்துட்டு உருளைக்கிழங்கு போட்டு, ஓரகத்திய அப்பிடியே வச்சு, அவங்க புத்தகத்துலயே பிட்சாவத் தூக்கிட்டாங்க. கென்யாவுல நைரோபிக்காரரு ஒருத்தரு அத மாம்பழமாக்கிட்டாரு.

எனக்குத் தலகால் புரியல. பனவடலிசத்திரத்துக்காரி ஒருத்தி என் கடை ஸ்டூல்ல உக்காந்து கேட்ட கேள்விய பெரு நாட்டுப் பிள்ளைங்க ஒரு பக்கம் போடுதாங்க, ஆப்பிரிக்காப் பிள்ளைங்க ஒரு பக்கம் போடுதாங்க. செல்லத்தாய் சனிக்கிழமை சந்தேகம் கேக்க வந்தப்ப மூணு புத்தகத்தையும் ஸ்கிரீன்ல திறந்து காட்டுனேன். உருளைக்கிழங்கு மூட்டைப் படத்துக்குக் கீழ என்ன எழுதிருக்குன்னு கேட்டா, தமிழாக்கிச் சொன்னேன்.

"அங்கனயும் ஓரகத்தி இருக்காளா! அப்பம் அந்த டீச்சரம்மாவும் நம்ம மாதிரி பட்டவங்கதான்."

மலேசியா புக்கு

ஒரு நாள் புளியங்குடியில இருந்து நர்சரி ஸ்கூல் டீச்சரு ஒருத்தங்க பென்டிரைவோட வந்தாங்க. "மேடம், இத நல்ல தாள்ல அச்சடிச்சுத் தாங்க. மலேசியாவுல இருக்க எங்க மதினி அனுப்புனது. அங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இதத்தான் வச்சிருக்காங்களாம். என்ன தரம் பாருங்க, இங்கன இப்பிடி யாரு செய்யுதா?" திறந்து பாத்தா எங்க கணக்குப் புத்தகம். என் எழுத்துரு, நான் போட்ட கட்டம், ரோசாப்பூவுக்கு நடுவுல மார்த்தா.

எனக்கு ஒரே சந்தோசம், ஆனா நம்ம கெத்த விட முடியுமா? கடைசிப் பக்கத்தத் திறந்து, "பக்கம் அமைப்பு: கோமதி டி.டி.பி., சங்கரன்கோவில்"ங்க வரியில விரல வச்சேன். அந்தம்மா படிச்சாங்க. என் கடை போர்டப் பாத்தாங்க. திரும்பவும் படிச்சாங்க.

"ஏன் மேடம், மலேசியாவுலயும் ஒரு சங்கரன்கோவில் இருக்கா?"

விட்டுப்போன பேரு

இதுவரைக்கும் சிரிச்சிட்டேன். இது சிரிக்க முடியாத ஒண்ணு. புத்தகம் பிரபலமாகவும் கனடாவுல ஒரு தமிழ்த் தம்பி அத மெருகேத்தி, எல்லா ஊரு கணக்கையும் சேத்துப் பெரிய பதிப்பாக் கொண்டு வந்தாரு. நல்ல படிச்ச பையன். வேலையும் சுத்தம். செல்லத்தாய் அந்தப் பதிப்புக்காகவே காத்திருந்தா. தன் பேரு வருதுன்னு பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர்ல இருந்து சத்துணவு ஆயா வரைக்கும் சொல்லி வச்சிருந்தா. "என் பேரு இதுக்கு முன்ன அச்சுல வந்தது என் கல்யாணப் பத்திரிகைலதான் யக்கா, அதுலயும் ஒரு ஓரமா"ன்னு சொல்லிச் சிரிப்பா.

வந்த அன்னைக்கே அச்செடுத்துக் குடுத்தேன். நேராக் கடைசிப் பக்கத்துக்குப் போனா. முனைவர் அவரு, பேராசிரியர் இவருன்னு வரிசையா இருக்கு. செல்லத்தாய் இல்ல. நைரோபிக்காரரும் இல்ல. விரல வச்சு மேல இருந்து கீழ ரெண்டு தடவ தேடுனா. அப்புறம் புத்தகத்த மெதுவா மூடி என் மேசையில வச்சிட்டா. "நான் என்ன படிச்சவளா, என் பேர எதுக்குப் போடப் போறாங்க. இந்தத் தடவ பரீட்சையும் எழுதல யக்கா. இத்தன வருசமா நாந்தான் புரியாம முட்டிக்கிட்டு கெடக்கேன்"னு சொல்லிட்டுப் படி இறங்கிப் போயிட்டா.

கனடாத் தம்பிகிட்ட கேட்டேன். பக்கத்துல இடம் பத்தல, கல்வியாளர்கள மட்டும் வச்சேன், செல்லத்தாய் வெறும் வாசகர்தானேன்னாரு. எனக்கு வந்தது பாருங்க கோபம்! இங்கிலீஷ்ல சண்ட போட எனக்கு வராது. குழுவுல தமிழ்லயே பேசிப் பதிவு பண்ணிப் போட்டேன். "ஐயா படிச்சவங்களே, புத்தகத்துல பிட்சா இருந்த வரைக்கும் பாடம் புரியலன்னு ஒருத்தி சொன்னா. அவ சொன்னதால நாலு நாட்டுப் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்கு. பந்தியில சோறு போட்டவள பத்திரிகைல விட்டுட்டியளே! எங்க ஊரா இருந்தா இந்நேரம் பந்தலப் பிரிச்சிருப்பாங்க." சிவநேசன் அத ஒரு வார்த்த குறைக்காம இங்கிலீஷ்ல எழுதிப் போட்டாரு. மார்த்தா ஒரே வரிதான் எழுதுனாங்க, செல்லத்தாய் பேரு இல்லாத புத்தகத்துல என் பேரும் வேண்டாம்னு.

இடம் பத்தலன்னு சொன்னாருல்லா, அதுக்கு நம்மகிட்டயா பாடம்? ஒரு பக்கத்துல மூணு தலமுறைய அடக்குதவ நான். உக்காந்து கல்யாணப் பத்திரிகை போலவே ஒரு பக்கம் அமைச்சேன். மேல எழுதினவங்க வீட்டார், மாற்றினவங்க வீட்டார்னு ரெண்டு பக்கம், கீழ "தங்கள் நல்வரவை விரும்பும்"னு போட்டு ஒரு ஆளு விடாம எல்லாப் பேரும், பட்டம் இருந்தா பட்டம், இல்லன்னா ஊரு. எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. குழுவுல ஏத்துன அன்னைக்கே எல்லாரும் சரின்னுட்டாங்க. இப்பம் எந்த மொழியில வந்தாலும் அந்தப் பக்கம் உண்டு. எங்க ரத வீதி டிசைன்! கனடாத் தம்பியும் பெரிய மனசுதான், அவரே கூப்பிட்டாரு.

"அக்கா, எங்க அம்மா கல்யாணப் பத்திரிகையிலயும் ஒரு பெரியப்பா பேர் விட்டுப்போய், இன்னை வரைக்கும் அந்த வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது. எனக்காவது புத்தி இருந்திருக்கணும்."

சாம்பார் கரண்டி

புதுப் பக்கத்த அச்செடுத்துக் கையில சுருட்டிக்கிட்டுப் பனவடலிசத்திரத்துக்கு நானே பஸ் ஏறிட்டேன். கடையப் பூட்டிட்டுப் போனதுக்கு பத்திரிகை அடிக்கக் குடுத்தவங்க மூணு பேரு போன்ல ஏசுனாங்க, ஏசட்டும். சத்துணவுக் கூடத்துல செல்லத்தாய் சாம்பாரக் கிண்டிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் முகத்தத் திருப்பிக்கிட்டா. நான் தாள விரிச்சு முன்னால பிடிச்சேன்.

கரண்டிய வச்சிட்டு, கைய முந்தானையில துடைச்சு, கிட்ட வந்தா. தன் பேரக் கண்டுபிடிச்சதும் கண்ணு கலங்கிட்டு. உடனே மூக்க உறிஞ்சிக்கிட்டு, "இந்த நைரோபிக்காரருக்கு மேல என் பேரா? அவரு கோவிக்க மாட்டாரா?"ன்னு கேட்டா. அதெல்லாம் பேசியாச்சு, அவருக்கும் சம்மதம்னேன். கரண்டியத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டா.

"சரி, ஹால் டிக்கெட்ட எடுத்துத் தா யக்கா. ஊரு ஊரா பேரு போயாச்சு, இனி ஃபெயிலானா அத்தன நாட்டுக்கும்லா அசிங்கம்!"

தபசுக் கூட்டம்

ரிசல்ட் வந்த நேரம் எங்க கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். ரத வீதியில கால் வைக்க இடம் இல்ல, கடையில ஃபிளெக்ஸுக்கு நிக்க ஆளு வாசல் வரைக்கும். அந்த நெரிசல்ல செல்லத்தாய் பிதுங்கி உள்ள வந்து, ஸ்கிரீனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டா. "நீயே பாரு, நான் பாக்க மாட்டேன்." ஊரு ஜனம் பூரா செல்போனத் தட்டிக்கிட்டு இருக்கு, நெட்டு எங்கேருந்து வரும்? வட்டம் சுத்துது, சுத்துது. ஃபிளெக்ஸுக்கு வந்தவங்கள்லாம் தங்கள் வேலைய மறந்துட்டு, என் தோளுக்கு மேல எட்டிப் பாக்காங்க. என் சொந்த ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்பிடிப் பதறல.

திறந்தது. கணக்கு, தேர்ச்சி. "ஏட்டி, பாஸுட்டி!"ன்னு நான் போட்ட சத்தத்துல வாசல்ல நின்னவங்க எல்லாம் கை தட்டிட்டாங்க, என்ன ஏதுன்னே தெரியாம. அவளக் கட்டிப் பிடிச்சு நானும் அழுதேன், அவளும் அழுதா. வெக்கம் என்ன வெக்கம்! குழுவுல போட்டேன். யாழ்ப்பாணம், நைரோபி, கனடா, எல்லா ஊர்ல இருந்தும் வாழ்த்து. மார்த்தா அனுப்புனது ஒரு ரோசாப்பூ மாலைப் படம், விளக்கு இல்லாம.

செல்லத்தாய் கண்ணத் துடைச்சிட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்புனா. "யக்கா, அந்தப் பேர்ப் பக்கத்த இன்னும் மாத்த முடியுமா?"ன்னா. அதுக்குத்தானட்டி பொதுவுல விட்டிருக்கு, எப்பம் வேணும்னாலும் மாத்தலாம்னு திறந்தேன். முனைவர், பேராசிரியர் வரிசைக்கு நடுவுல தன் பேரத் தேடி, அதுக்குப் பக்கத்துல இருந்த ஊர்ப் பேர் மேல விரல வச்சு அழுத்திக் காட்டுனா.

"இங்கன 'பத்தாம் வகுப்பு தேர்ச்சி'ன்னு போடு. அவங்க மட்டும் பட்டம் போட்டுக்கிடலாமோ?"

ஆகவே மக்களே, உலகத்துல எந்த மூலையில கணக்குப் புத்தகம் வாங்கினாலும், கடைசிப் பக்கத்துல ரெண்டு முனைவருக்கு நடுவுல பத்தாம் வகுப்பு ஒண்ணு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னா அச்சுப் பிழைன்னு திருத்திராதீங்க, அப்புறம் பந்தியில வந்து சண்ட போடப் போறது நானாத்தான் இருக்கும்.